கொட்டிவிட்டதாகச் சொன்ன பியர்

1997 ஜனவரி 7, செவ்வாய்

இன்று காலை பதினொரு மணிக்கு ஆறு கிளாஸ் பியர் சுவைத்தேன். எழுதிப் பார்க்கும்போதுதான் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று விளங்குகிறது.

ஊரில் பதினெட்டு வருடம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவள் நான். ரொறன்ரோவுக்கு வந்து இப்போது மூன்று வருடமாக ஒரு பியர்த் தொழிற்சாலையில் போத்தல் வரிசையில் நிற்கிறேன். போத்தலைத் தொடுவது வேறு, குடிப்பது வேறு என்று மனச்சாட்சிக்கு ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். போன மாதம் ஆய்வுகூடத்தில் ஒரு மணச் சோதனை வைத்தார்கள். விரும்பிய தொழிலாளர் எல்லாரும் போகலாம். இருபது சின்னக் குப்பிகள். மற்றவர்கள் எட்டு, ஒன்பது சரியாகச் சொன்னார்கள். நான் பத்தொன்பது. ஐதரசன் சல்பைட்டை வகுப்பு வகுப்பாக மணந்த மூக்கு, வேறென்ன செய்யும்? அதற்குத் தண்டனையாக என்னைச் சுவைக்குழுவில் சேர்த்துவிட்டார்கள். செவ்வாயும் வியாழனும்.

ஆய்வுகூடப் பொறுப்பாளர் மாகிரட் நல்ல மனுசி. "துப்பலாமா?" என்று கேட்டேன்.

"வைனைத் துப்பலாம். பியரைத் துப்ப முடியாது. கசப்பு தொண்டையின் அடியில்தான் பிடிபடும்."

இரண்டு மேசைக்கரண்டி அளவு. ஆறு தடவை. விழுங்கினேன்.

ஆறும் ஐஸ் லாகர். பியரை உறையும் அளவுக்குக் குளிரவைத்து, படிகிற பனியை வடித்து எடுத்துவிடுவார்கள். தண்ணீர் குறைய வெறி கூடும். மலிவாகச் செய்து மலிவாக விற்கிற சாமான். எங்கள் தொழிற்சாலையினுடையதற்கு ஸ்னோ பே என்று பெயர். பேய் என்று வைத்திருக்கலாம். மற்ற ஐந்தும் போட்டிக் கம்பனிகளுடையவை. பெயரை மறைத்து இலக்கம் போட்ட கிளாசில் தருவார்கள்.

நூற்றுக்குப் புள்ளி போடச் சொன்னார்கள். சிவப்புப் பேனா கேட்டு வாங்கினேன். முதலாவதுக்கு 31: சோளம் அவித்த தண்ணீர். இரண்டாவதுக்கு 28: மழையில் நனைந்த அப்பியாசக் கொப்பி மட்டை. ஐந்தாவது, விடைத்தாளில் பெயரை மட்டும் எழுதிவிட்டு எழும்பிப் போன பிள்ளை. நுரையைத் தவிர ஒன்றுமில்லை. 19. அதிகபட்சம் 42, அது எங்களுடையது என்று பிறகு சொன்னார்கள். பெருமைப்பட ஒன்றும் இல்லை. என் வகுப்பில் 42 எடுத்தால் தாயைக் கூட்டி வரச் சொல்வேன்.

ஜனவரி 9, வியாழன்

குழுவில் ஏழு பேர். பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிற ஏர்னி எனக்குப் பக்கத்தில் இருக்கிறான். நியூபவுண்ட்லாந்துக்காரன், தொழிற்சங்கப் பிரதிநிதி, பெரிய உடம்பு. என் தாளை எட்டிப் பார்த்தான்.

"28 போட்டிருக்கிறாய்."

"அதற்கு மேல் தர முடியாது."

"அது நான் வெள்ளிக்கிழமை குடிக்கிற சாமான், டீச்சர்."

மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டின்போதும் அது நினைவில் வந்தது.

இந்தத் தொழிற்சாலையில் என் பெயரைத் தவமலர் என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு வளையாது. டாவா என்கிறார்கள். ஏர்னி ஒருவன்தான் டீச்சர் என்கிறான்.

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். காலையில் பொங்கிப் படைத்துவிட்டு, பதினொரு மணிக்குப் பியர் குடித்தேன். சூரியபகவான் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

இவருக்குச் சுவைக்குழு விசயத்தை இன்றுதான் சொன்னேன். இவர் என்றால் என் கணவர் குணநாயகம். ஊரில் நில அளவையாளர். இங்கே ஒரு கார் நிறுத்துமிடத்தின் வாசல் கூண்டில் இருக்கிறார். கோயில் சபைக்குச் செயலாளர். கேட்டதும் முகம் கறுத்துப் போனது.

"நீர் குடிக்கிறீர் எண்டு ஆருக்கும் தெரிஞ்சால் நான் கோயில்ல தலை காட்டேலுமோ?"

"குடிக்கேல்லையப்பா. சோதிக்கிறன்."

"ரெண்டுக்கும் ஒரே வாய்தானே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

தோய்க்கப் போடுமுன் இவரின் கோட்டை மணந்தேன். சோளம் அவித்த மணம். கோயிலில் ஆரோ சோளம் அவித்திருக்க வேண்டும். அந்தக் கோயில் குசினியில் காற்றுப் போக ஒரு யன்னல் கிடையாது. சபைக்காரர் இத்தனை பேர் கூடிக் கதைக்கிறார்கள், ஒரு யன்னல் வைக்கத் தெரியவில்லை.

ஜனவரி 23, வியாழன்

தைப்பூசம். பின்னேரம் கோயிலுக்குப் போனோம். மங்கையர்க்கரசி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தவம், உமக்கு ஜூஸ் பக்ரறியில வேலையாம். சொல்லவே இல்லையே. என்ன ஜூஸ்?"

நான் வாயைத் திறக்குமுன் இவர் பின்னால் நின்று சொல்கிறார்: "அப்பிள்."

மூன்று வருடமாக என் வேலையைப் பற்றி ஊருக்கு இவர் சொல்லி வைத்திருக்கிற கதை இது! எனக்குக் கடைசியாகத்தான் தெரிகிறது. அக்கா ஒரு பெட்டி அப்பிள் ஜூஸ் மலிவாக எடுத்துத் தரச் சொல்கிறார். முருகன் சந்நிதியில் நின்று "பாப்பம் அக்கா" என்றேன். என்னையும் பொய்க்காரி ஆக்கிவிட்டார்.

காரில் வரும்போது இவர் கராம்பு சப்பிக்கொண்டு வந்தார். பல்லுக்கொதியாம். இரண்டு மாதமாகப் பல்லுக்கொதி, ஆனால் பல் வைத்தியரிடம் போக மாட்டார். அதற்கும் கோபம் வந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

ஸ்னோ பே: 44. கொஞ்சம் திருந்தியிருக்கிறது. காய் அப்பிள் மணம் குறைவு.

ஜனவரி 29, புதன்

இவரின் தலையணை உறையில் காய் அப்பிள் மணம். சம்போவை மாற்றிவிட்டார் போலும்.

பெப்ரவரி 4, செவ்வாய்

கோபம் இன்னும் ஆறவில்லை. நிதானமாக எழுதுகிறேன்.

நான்காம் கிளாசைத் தூக்கினேன். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகவே தேவையில்லாமல் போய்விட்டது. ஆசுப்பத்திரி. தரை கழுவுகிற மருந்து, புண்ணுக்குக் கட்டுகிற துணி. விழுங்கிய பிறகும் நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது. தாளில் 0 போட்டேன். பதினெட்டு வருடத்தில் நான் பூச்சியம் போட்டது இரண்டு தடவைதான், இரண்டும் பார்த்தெழுதினவர்களுக்கு.

ஏழு பேரில் எனக்கும் மாகிரட்டுக்கும்தான் தெரிந்தது. ஏர்னி இரண்டு தடவை மணந்துவிட்டு, "ஏதோ இருக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை" என்றான். மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அது ஸ்னோ பே. இன்னும் ரின்னில், அதாவது தகரப் பேணியில், அடைக்காத தாங்கி, ஆயிரக்கணக்கான ரின்னுக்குக் காணும். தண்ணீரில் இருக்கிற குளோரீனைப் பிடிக்கிற கரி வடியை நேரத்துக்கு மாற்றவில்லை என்று மாகிரட் சொன்னாள். ஆளைக் கொல்லாது, ஆனால் விற்கக்கூடாத சாமான்.

தொழிற்சாலை முகாமையாளர் டக் வந்தான். தாள்களை விரலால் புரட்டினான்.

"ஏழில் இரண்டு."

"இரண்டு பேருக்கு மூக்கு வேலை செய்கிறது" என்றேன்.

"டாவா, இது ஸ்னோ பே. நாக்கு மரத்துப் போகிற அளவுக்குக் குளிரவைத்துக் குடிக்கிறார்கள். மலிவான சாமான் வாங்குகிறவன் மணந்து பார்த்தா வாங்குகிறான்?"

"நான் வாங்குகிறேன், டக்" என்றான் ஏர்னி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மலிவான சாமான் வாங்குகிறவனுக்கு மூக்கில்லையாம்! இவன் என் வகுப்பில் இருந்திருந்தால் வெளியே முழங்காலில் விட்டிருப்பேன். நான் இங்கிலீசில் சொன்னேன்: "இதை விற்றால் நான் இனி இந்த மேசையில் இருக்க மாட்டேன்." என் இங்கிலீசு அவசரத்தில் நொண்டும். இன்று நொண்டவில்லை.

பெப்ரவரி 5, புதன்

டக் என்னிடம் தானாக வந்து சொன்னான். தாங்கியைத் திறந்து கொட்டிவிட்டார்களாம். "சந்தோசமா?"

சந்தோசம்தான். இன்று முழுவதும் கனடாவைப் பற்றி நல்லபடியாக நினைத்தேன்.

பெப்ரவரி 13, வியாழன்

பனி. பஸ் நாற்பது நிமிடம் பிந்தியது. போட்டிக் கம்பனியின் புது ஐஸ் லாகர் ஒன்று வந்திருக்கிறது, தெளிந்த கண்ணாடிப் போத்தலில். வெளிச்சம் பட்டால் பியர் நாறும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மரநாய் மணம். 12.

பெப்ரவரி 18, செவ்வாய்

வீட்டுக்குள் அதே ஆசுப்பத்திரி மணம்.

பெப்ரவரி 19, புதன்

கத்தரிக்காய் வெள்ளைக்கறி, பருப்பு. வேறு எழுத விருப்பமில்லை.

பெப்ரவரி 20, வியாழன்

எழுதத்தான் வேண்டும்.

செவ்வாய் பின்னேரம் ஆறு மணிக்கு இவர் சபைக் கூட்டத்திலிருந்து வந்தார். அலுமாரியின் மேல்தட்டில் இருந்த மாப்பேணியை எட்டி எடுத்து என் கையில் தரக் குனிந்தார், முகம் முகத்துக்குக் கிட்ட வந்தது. கராம்பு. கராம்புக்குக் கீழே ஆசுப்பத்திரி. மருந்து மணம் ஆயிரம் இருக்கலாம். இது நான் பூச்சியம் போட்ட மணம். "ஆசுப்பத்திரிக்குப் போனனீங்களோ?" என்று கேட்டேன். "நான் ஏன் போறன்?" என்றார்.

இரண்டு நாள் எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்தேன். இன்று இவர் குளிக்கப் போனபோது காரின் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பின்பெட்டியில் கோயில் கம்பளம் சுருட்டிக் கிடந்தது. அதற்குக் கீழே ஸ்னோ பே ஐஸ். ஒன்பது வெறும் ரின், மூன்று உடைக்காதது. ஒவ்வொன்றையும் திருப்பி அடியைப் பார்த்தேன். பெப்ரவரி 6. டக் கொட்டிவிட்டேன் என்று சொன்னதற்கு அடுத்த நாள். நான் போத்தல் வரிசை. ரின் வரிசை வேறு கட்டடத்தில் பின்னேர வேலையில் ஓடும். என் கண்ணில் படாது என்று தெரிந்துதான் ஓட்டியிருக்கிறான்.

பனிக்குள் செருப்போடு நின்றேன். யாரில் முதலில் கோபப்படுவது என்று தெரியவில்லை. டக்கில் கோபப்படுவது சுகமாக இருந்தது. அவனிலேயே கோபப்பட்டேன்.

உடைக்காத ஒன்றை எடுத்துக் கைப்பையில் வைத்தேன்.

பெப்ரவரி 21, வெள்ளி

மாகிரட் உடைத்தாள், மணந்தாள், கதிரையில் இருந்துவிட்டாள். "எங்கே எடுத்தாய்?"

"கடையில்" என்றேன். எனக்கும் பொய் பழகிவிட்டது.

டக்கிடம் போனோம். ரின்னைப் பார்த்தவுடன் அவன் முகம் மாறும் என்று நினைத்தேன். மாறவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"கடைச் சீட்டு இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியென்றால் இது இங்கேயிருந்து வெளியே போன ரின். தொழிற்சாலைச் சாமானை எடுத்துக்கொண்டு போவதற்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியுந்தானே, டாவா?"

என் வாழ்நாளில் ஒரு வெண்கட்டித் துண்டுகூடப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அந்த நேரத்தில் இங்கிலீசு முழுவதும் என்னை விட்டுப் போய்விட்டது. தமிழில் "அறுவானே" என்றேன். அவன் தலையை ஆட்டி, "திங்கட்கிழமை கதைப்போம்" என்றான்.

பெப்ரவரி 22, சனி

இவர் தேத்தண்ணீர் குடித்து முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டேன்.

"இஞ்சருங்கோ. காரின்ர பின்பெட்டியில, கம்பளத்துக்குக் கீழ, என்ன கிடக்குது?"

கோப்பையை வைத்தார். "ஆரோ வைச்சிட்டுப் போட்டாங்கள். திருவிழாவுக்கு வந்த பெடியள் போல."

"திருவிழா ஆடியிலயல்லோ. ரின்னில பெப்ரவரி எண்டு கிடக்குது."

"இப்ப என்ன, நீர் என்னைச் சோதிக்கிறீரோ? பியர் பக்ரறியில வேலை செய்யிற மனுசி எனக்குப் புத்தி சொல்லத் தேவையில்லை."

"நான் புத்தி சொல்ல வரேல்லை. அந்தப் பியர் பழுதாப் போன பியர். கொட்டிப்போட்டம் எண்டு சொல்லிப்போட்டு வித்திருக்கிறாங்கள். என்னைக் கள்ளி எண்டுறாங்கள். நீங்கள் கடையில வாங்கினது எண்டு சொல்ல வேணும்."

"ஆருக்கு?"

"ஆர் கேட்டாலும்."

எழும்பினார். "கோயில் செயலாளர் பியர் வாங்கினார் எண்டு நான் எழுதிக் குடுக்கவோ? நல்ல கதை." கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். காரில் ஏறவில்லை, நடந்துதான் போனார். அதை நான் யன்னலால் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

பெப்ரவரி 24, திங்கள்

விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று கடிதம் தந்தார்கள். "அனுமதியின்றித் தயாரிப்பை அகற்றியது தொடர்பாக." படித்த கள்ளி என்பதால் நீளமான சொல்.

ஏர்னி என்னை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தான்.

"டீச்சர், நீ சொன்னாலும் நான் சொன்னாலும் டக் மேசைக்குள் போட்டுப் பூட்டிவிடுவான். ரின்னில் ஒரு ரெலிபோன் இலக்கம் இருக்கிறது. வாங்கிக் குடித்தவன் அதற்கு அடித்தால் தலைமை அலுவலகம் எடுக்கும். இலக்கம் போட்டுப் பதிவார்கள். ரின்னையும் தொகுதி இலக்கத்தையும் கேட்பார்கள். அதை ஒருவராலும் அமுக்க முடியாது. தொழிற்சாலை ஆளாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்." கொஞ்சம் நின்றான். "குடிக்கிற ஆள் யாரையாவது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். ஒளித்து வைக்கிற பழக்கம் இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்கு இருக்கிறது, இரண்டு பேருக்குத் தேவையில்லை. இவர் வந்த சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்ட சத்தம். தாள் திருப்புகிற சத்தம். பிறகு அறை வாசலில் வந்து நின்றார்.

"உம்மைக் கள்ளி எண்டோ எழுதியிருக்கிறாங்கள்?"

"அகற்றினது எண்டு எழுதியிருக்கிறாங்கள்."

"உம்மையோ?"

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

பெப்ரவரி 25, செவ்வாய்

இவர் இன்று வேலைக்குப் போகவில்லை. முகச்சவரம் செய்து, வெள்ளைச் சேட்டைக் கழுத்துவரை பூட்டி, பத்து மணிக்கு ரெலிபோனுக்கு முன்னால் வந்து இருந்தார். இரண்டு உடைக்காத ரின்னையும் மேசையில் வைத்தார். இந்த வீட்டு மேசையில் முதன்முறையாக. நான் அடுப்படியில் நின்றேன்.

இவர் இங்கிலீசில் கதைக்கும்போது, பிழை விடக்கூடாது என்று எதிராளி கேட்ட கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மறுமொழி சொல்வார். அதனால் எல்லாம் எனக்குக் கேட்டது.

"என் பெயரா? குணநாயகம். எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். ஜீ, யூ, என், ஏ. ஓம், மீண்டும் என், ஏ. வை, ஏ, ஜீ, ஏ, எம். இல்லை, அது முழுவதும் ஒரு பெயர்தான்."

விலாசம் சொன்னார். அடியிலிருந்த இலக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். எந்தக் கடை, எந்த நாள், கடைச் சீட்டு. சீட்டு இருக்கிறதாம்! பணப்பையிலிருந்து எடுத்து நாலாக மடித்ததை விரித்தார். நான் கடவுளுக்கு நன்றி சொல்வதா, அந்தச் சீட்டை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததற்குக் கோபிப்பதா?

"என்ன குறை என்று கேட்கிறீர்களா? ஆசுப்பத்திரி மணம். மருந்து. முதல் வாயிலேயே."

"எத்தனை குடித்தேன் என்றா? ஒன்பது."

"ஆய்வுக்கு எத்தனை மிச்சம் என்றா? இரண்டு. ஒன்றைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது என் மனைவி. ஓம், அங்கேதான் வேலை செய்கிறார். பியர்த் தொழிற்சாலையில். சுவைத்துப் பார்க்கிற வேலை. அவர் களவெடுக்கவில்லை. என்னுடைய காரிலிருந்து எடுத்தார். இதை எழுதிக்கொள்ளுங்கள், தயவுசெய்து."

எனக்குக் கறி அடிப்பிடித்தது. பார்க்கவில்லை.

"எவ்வளவு காலமாக இந்தப் பியரை வாங்குகிறேன் என்று கேட்கிறீர்களா?" இவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "இரண்டு வருடமும் நாலு மாதமும்."

"கிழமைக்கு எத்தனை தடவை என்றா?"

எதிர்ப்பக்கத்துப் பெண் 'ஹலோ' என்று கூப்பிட்டது எனக்கே கேட்டது.

"ஒவ்வொரு நாளும்" என்றார்.

ஒரு பதிவு இலக்கம் தந்தார்கள். இரண்டு தடவை எழுதினார். வைத்துவிட்டு அப்படியே இருந்தார்.

இரண்டு வருடம், நாலு மாதம். அடுப்பை அணைத்துவிட்டு விரல் மடித்து எண்ணினேன். அந்த ஐப்பசியில்தான் இவரின் நில அளவைப் படிப்பு இங்கே செல்லாது என்று கடிதம் வந்தது. அதை வாசித்துவிட்டுச் சிரித்தார், சோறு கேட்டார், இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டார். நல்லவேளை மனதில் எடுக்கவில்லை என்று நான் நிம்மதிப்பட்டேன். என் மூக்கு கெட்டிக்கார மூக்காம்!

"முதல் வாயிலேயே தெரிஞ்சதெண்டால்," என்று கேட்டேன், "ஏன் ஒன்பது குடிச்சனீங்கள்? எறிஞ்சிருக்கலாந்தானே?"

"நான் நினைச்சன்," என்றார், "எங்களைப் போல ஆக்களுக்கெண்டு செய்யிறது உப்பிடித்தான் இருக்குமாக்கும் எண்டு."

அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம்போல டக்கில்கூட வரவில்லை. யாரில் வந்த கோபம் என்று இன்னும் தெரியாது. மேசையைக் கையால் அடித்தேன். ரின் இரண்டும் துள்ளின. "உப்பிடி இருக்காது! இருக்கக்கூடாது! நான் பூச்சியம் போட்டனான்!" என்று கத்தினேன். பிறகு அழுகை வந்துவிட்டது, குசினிக்குள் போய்விட்டேன். இவர் பின்னால் வந்து, அடிப்பிடித்த சட்டியை எடுத்து ஊறப்போட்டார்.

மார்ச் 3, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்திருக்கிறார்கள். கரி வடி மாற்றின கொப்பியையும் ரின் வரிசைக் கொப்பியையும் எடுத்துப் பார்த்தார்களாம். பெப்ரவரி 6 தொகுதி முழுவதையும் கடைகளிலிருந்து திருப்பி எடுக்கச் சொல்லியாகிவிட்டது. ஒட்டுத்தாள் பிழை என்று கடைக்காரருக்குச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையைச் சொல்ல இவர்களுக்கு வாய் வராது.

இன்று என்னைத் திருப்பி எடுத்தார்கள். கடிதம் இரத்து என்று ஒரு வரி. மன்னிப்பு என்ற சொல்லைத் தாளின் இரண்டு பக்கத்திலும் தேடினேன், இல்லை. டக்கை வேலையால் நிறுத்தவில்லை, இன்னொரு தொழிற்சாலைக்கு மாற்றுகிறார்கள். அங்கே யாருக்கு மூக்கு இருக்கிறதோ!

ஏர்னி கேட்டான்: "ரெலிபோன் எடுத்த ஆள் யார் என்று தெரியுமா?"

"என்ர மனுசன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு இங்கிலீசில் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றி மாட்டினான். "தைரியமான ஆள்."

தைரியத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆறு நாளாகக் கராம்பு மணம் இல்லை. இவருக்குக் கை நடுங்குகிறது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். குடும்ப வைத்தியர் சிற்றம்பலத்திடம் புதன்கிழமைக்கு நேரம் எடுத்திருக்கிறேன். வர மாட்டேன் என்கிறார். வருவார்.

மார்ச் 14, வெள்ளி

வைத்தியரிடம் போனார். இரண்டு தடவை.

இன்று தபாலில் கம்பனியிலிருந்து இவர் பெயருக்கு ஒரு உறை. நல்ல தடித்த தாள். பெயரில் ஒரு எழுத்தும் பிழையில்லை. எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு, தங்களுக்கு ஏற்பட்ட ஏமாற்றத்துக்கு வருந்துகிறோம். எனக்குக் கிடைக்காத வருத்தம் இவருக்குக் கிடைத்திருக்கிறது. கீழே ஒரு சீட்டு இணைத்திருக்கிறார்கள். எந்தக் கடையிலும் கொடுக்கலாம். ஸ்னோ பே ஐஸ், இருபத்துநாலு ரின் கொண்ட பெட்டி இரண்டு, இலவசம்.

குடித்தவன் தன் வாயால் ஒவ்வொரு நாளும் என்று சொன்னதைப் பதிந்து வைத்துக்கொண்டு, அதற்கு நாற்பத்தெட்டு ரின் அனுப்புகிறார்கள்! இதை யோசித்தவருக்குப் பிள்ளை குட்டி இல்லையா?

இவர் அதை மேசையில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தார்.

"நீர் கிழியும்" என்றார்.

கை போனதுதான். மடக்கிக்கொண்டேன். "நான் ஏன் கிழிக்க வேணும்? உங்கட பேருக்கு வந்தது."

"தவம், கிழியுமன்."

"மாட்டன்."

நான் எழும்பி அரிசி களைந்தேன். உலை வைத்தேன். அது கொதிக்கும் வரைக்கும் இவர் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுத ஆசை. மூன்று தடவை பார்த்தேன்.

கிழித்தார். இரண்டாக, பிறகு நாலாக. துண்டுகளைக் குப்பையில் போடவில்லை, சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கும் எனக்குக் கோபம்தான். ஆனால் கிழித்தது கிழித்ததுதான்.